கோழி உடைத்த விசிறி

‘நரம்பும் பலகையும்’ வரலாற்றுத் தொடர் – 7

சென்ற வாரம் ஸ்பெயினின் கிற்றார்த் தச்சர் அந்தோனியோ தே தோரெஸை அல்மேரியாவில் விட்டுவிட்டு வந்தோம். கையில் 1862இல் செய்த ஒரு கிற்றார். முகப்பலகை ஸ்புறூஸ் மரம். முதுகும் பக்கங்களும் மரமே அல்ல, கடதாசிக் கூழ்! பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். வாசித்தவர்கள் சிரிக்கவில்லை. கிற்றாரின் குரல் முன்னால் இருக்கும் அந்த மெல்லிய பலகையில்தான் பிறக்கிறது என்று தோரெஸ் வாதாடவில்லை, செய்து காட்டினார். அந்தக் கிற்றார் இன்றும் பார்சிலோனா இசை அரும்பொருளகத்தில் இருக்கிறது.

ஆனால், தோரெஸ் ஒரு வினாவுக்கு விடை சொன்ன கையோடு அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்றைத் தனக்குப் பின்னால் வந்த தச்சர்களின் தலையில் கட்டிவிட்டுப் போனார். பலகை மெலிந்தால் குரல் திறக்கும். பலகை மெலிந்தால் உடையவும் செய்யும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது?

நைலோன் நரம்பு பூட்டிய ஒரு கிற்றாரில் ஆறு நரம்பும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ பாரத்தோடு இழுக்கின்றன. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் இரும்புக் கம்பிக் கிற்றார். அதில் இழுவை 70 கிலோவைத் தாண்டும். ஒன்றரை மூட்டை சீமெந்தின் பாரம்! இவ்வளவையும் தாங்குவது மூன்று மில்லிமீற்றர்கூட இல்லாத ஒரு பலகை. அதுவும் ஒரு நாள் இரு நாள் அல்ல, பத்து வருடம், இருபது வருடம், இரவு பகலாக.

உங்கள் வீட்டில் பழைய கிற்றார் இருந்தால் ஓர் அடிமட்டத்தை எடுத்து, கம்பிகள் கட்டியிருக்கும் பிறிட்ஜுக்குப் பின்னால் முகப்பலகையின் குறுக்கே நிறுத்திப் பாருங்கள். நடுவில் பலகை தொடும், இரண்டு அந்தங்களிலும் வெளிச்சம் தெரியும். வயிறு ஊதியிருக்கிறது. இப்போது அடிமட்டத்தை பிறிட்ஜுக்கும் ஒலித்துளைக்கும் நடுவில் வையுங்கள். அந்த இடம் உள்ளே பதிந்திருக்கும். கம்பிகள் பிறிட்ஜை மேலிருந்து அமத்துவதில்லை, கழுத்துப் பக்கமாகச் சாய்க்கின்றன. அதனால் பின்னால் எழும்புகிறது, முன்னால் தாழ்கிறது. மரம் இந்த இழுவைக்கு வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக இணங்கிக்கொண்டே போகும். நம் கரையின் ஈரக் காற்று அதற்கு இன்னும் கை கொடுக்கும். கம்பி கழுத்தைவிட்டு உயர்ந்து, அழுத்தினால் விரல் நோகும் நிலை வரும்போது நாம் கிற்றாரைச் சுவரில் மாட்டிவிடுகிறோம்.

பலகை சரியாமல் இருக்கத்தான் அதன் உட்புறத்தில் தாங்குசட்டங்களை ஒட்டுகிறார்கள். தோரெஸ் ஏழு சட்டங்களை விசிறி போல விரித்தார். அமெரிக்காவில் மார்ட்டின் பட்டறை 1840களில் இரண்டு சட்டங்களைக் குறுக்கே வெட்டி வைத்தது. இரும்புக் கம்பி வந்த பிறகும் தாக்குப்பிடித்தது அந்தக் குறுக்கு அமைப்புத்தான். இவற்றை முன்னைய வாரங்களில் பார்த்துவிட்டோம்.

சாகாமம் பக்கத்துக் காட்டு மரங்களைக் கையாண்டு பழகிய ஓடாவிமாருக்கு இந்தச் சிக்கல் முதலில் விளங்காது. முதிரையும் பாலையும் கருங்காலியும் பழகிய கை அது. பாரமான மரமே பலமான மரம். கட்டிலுக்கும் கதவு நிலைக்கும் அது சரியான கணக்கு. தண்ணீரில் போட்டால் தாழும் இலங்கைக் கருங்காலிக்குக் கிற்றாரிலும் பெருமையான ஓர் இடம் உண்டு. அது விரல் பதியும் கழுத்துப் பலகையில். முகப்பலகையிலோ அதன் அடிச் சட்டங்களிலோ கருங்காலிக்கு வேலை இல்லை. அங்கே பாரம் ஏறினால் குரல் சாகும். நரம்பில் இருக்கும் சக்தி மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தைக்கொண்டு ஒரு பலகையை அசைத்து, பலகையைக்கொண்டு காற்றை அசைக்க வேண்டும். ஒவ்வொரு கிராமும் கணக்கு.

கிற்றாரும் தச்சும் ஒரே கையில் இருந்த மக்கள் நமக்குத் தூரத்தில் இல்லை. மட்டக்களப்புப் பறங்கியருக்கு மரவேலையும் இரும்பு வேலையும் பரம்பரைத் தொழில். கல்யாண வீட்டில் வயலினும் கிற்றாரும் எடுத்துக் கப்பிரிஞ்ஞா வாசிப்பதும் அவர்களே. பகலில் உளி பிடித்த கை இரவில் நரம்பு மீட்டியது. அந்தக் கைகளுக்கு நான் இப்போது சொல்லப்போவது சட்டென்று பிடிபடும்.

வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பலகையைத் தட்டையாகப் போட்டு நடந்தால் அது தொய்யும். அதே பலகையை விளிம்பில் நிமிர்த்தி வைத்தால் அசையாது. மரம் அதே மரம், பாரம் அதே பாரம், மாறியது உயரம் மட்டும். ஒரு சட்டத்தின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் எடை இரண்டு மடங்காகும், வளையாமல் நிற்கும் விறைப்போ எட்டு மடங்காகும். ஏன்? சட்டம் வளையும்போது உழைப்பது அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும். ஒன்று இழுபடும், மற்றது நெரிபடும். நடுவில் இருக்கும் மரம் பெரும்பாலும் அந்த இரண்டையும் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே.

அப்படியானால் நடுவுக்கு எடையே இல்லாத ஏதோ ஒன்றை வைத்து, இரண்டு விளிம்புகளிலும் மட்டும் எடைக்கு எடை இரும்பைவிட விறைப்பான, மரத்தில் ஒட்டக்கூடிய ஒரு கீற்றை வைத்தால்?

தோரெஸ் 1892இல் இறந்தபோது அப்படியொரு கீற்று உலகத்தில் இல்லை. அது பிறக்கவேண்டிய இடம் தச்சுப் பட்டறையும் அல்ல.

*

கரியை நாராக்கும் எண்ணம் பழையது. 1879இல் எடிசன் பருத்தி நூலைக் கருக்கித்தான் மின்குமிழுக்குள் எரியவைத்தார். பிறகு மூங்கில் நாரைக் கருக்கினார். ஆனால், அவை தொட்டால் நொறுங்கும் கரி. 1958இல் அமெரிக்காவின் ஒஹாயோவில், யூனியன் கார்பைட் ஆய்வுகூடத்தில் றொஜர் பேக்கன் என்பவர் அசாதாரணப் பலமுள்ள காபன் இழைகளைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானின் ஒசாகாவில் அக்கியோ ஷிண்டோ வேறொரு பாதையைத் திறந்தார். கம்பளிக்கு மாற்றாக உடுப்பு நெய்யும் அக்ரிலிக் நூல் இருக்கிறதே, அதன் மூலப்பொருளை எடுத்துக் கருக்கினார்.

1963இல் இங்கிலாந்தின் பார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வாட், பிலிப்ஸ், ஜோன்சன் ஆகிய மூவரும் அந்தப் பாதையைச் செப்பனிட்டார்கள். முதலில் நூலை 200 முதல் 300 பாகை வெப்பத்தில் காற்றில் வாட்டவேண்டும். வாடும்போது நூல் சுருங்கப் பார்க்கும். சுருங்கவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும், சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. பிறகு காற்றே இல்லாத உலையில் ஆயிரம் பாகைக்கு மேல் கருக்க, காபன் அணுக்கள் மட்டும் மிஞ்சும், அவையும் நாரின் நீளத்துக்கு அடுக்கப்பட்டு மிஞ்சும். ஓர் இழையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. நம் தலைமயிரைப் பிளந்து பத்தாக்கியது போன்ற ஒன்று. அதை எப்பொக்சிப் பசையில் தோய்த்து இறுக வைத்தால், நாரின் நீளவாட்டில் ஸ்புறூஸ் மரத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் விறைப்பு.

இங்கிலாந்து பூரித்துப்போனது. நாட்டின் பெருமைக்குரிய றோல்ஸ் றொய்ஸ் நிறுவனம் 1968இல் அமெரிக்காவின் லொக்ஹீட்டுக்கு ஒரு புதிய விமான எஞ்சின் செய்து தர ஒப்பந்தம் போட்டிருந்தது. பெயர் ஆர்பி 211. அதன் முன்வாயில் சுழலும் பெரிய விசிறியின் இதழ்களை உலோகத்தில் செய்யாமல் இந்தக் காபன் நாரில் செய்வதென்று முடிவு. எடை எவ்வளவோ மிச்சம்! கணக்கெல்லாம் சரியாக வந்தது.

ஒரே ஒரு சோதனை மிச்சம் இருந்தது. பறக்கும் எஞ்சினுக்குள் பறவை புகுந்தால் என்ன ஆகும்? அதைப் பார்க்க, செத்த கோழியைப் பீரங்கி போன்ற குழாயில் வைத்து, சுழலும் விசிறிக்குள் சுடுவார்கள். 1970. கோழி பாய்ந்தது.

விசிறி இதழ்கள் சிதறின.

காபன் இதழ்களைக் கைவிட்டு டைட்டேனியத்துக்கு மாறவேண்டியதாயிற்று. ஏற்கெனவே கட்டுமீறி ஏறிக்கொண்டிருந்த செலவு இன்னும் ஏறியது. 1971 பெப்ரவரி 4ஆம் திகதி றோல்ஸ் றொய்ஸ் முறிந்தது. அரசாங்கம் அதைத் தன் கையில் எடுத்துக் காப்பாற்றவேண்டி வந்தது. உலோக விசிறி பூட்டிய அந்த எஞ்சினோடு லொக்ஹீட்டின் விமானம் 1972இல் பயணிகள் சேவைக்கு வந்தது. அதன் பெயர் ட்ரைஸ்டார்.

கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் 1980களில் வெளிநாடு போய்வந்தவர்கள் பல குடும்பங்களில் இப்போதும் இருப்பார்கள். எயார் லங்காவின் ட்ரைஸ்டாரில் ஏறிய ஞாபகம் அவர்களில் சிலருக்கு இருக்கும். வாலில் ஒன்றும் இறக்கைகளில் இரண்டுமாக மூன்று எஞ்சின்கள். ஒரு கோழியால் கரி நாரை இழந்த எஞ்சின்கள் அவை.

வானம் வேண்டாமென்று சொல்லிவிட்டது. காபன் நாரின் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

*

முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கான காரணத்தில்தான் கிற்றாருக்குரிய நல்ல காலம் ஒளிந்திருந்தது.

காபன் நாரின் பலம் ஒரே திசையில், நாரின் நீளத்துக்கு. குறுக்கே வந்து திடீரென அடிக்கும் அடிக்கு அது பலவீனமானது. அடுக்குகளைப் பிடித்திருக்கும் பசை விட்டுக்கொடுக்க, அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். விசிறி இதழுக்கு விதித்த சோதனை அந்தத் திடீர் அடி. கிற்றாரின் தாங்குசட்டத்துக்கு விதித்த சோதனையோ வேறு. அதை ஒரு கோழியும் வந்து மோதப்போவதில்லை. அதன் மீது இருப்பது மெதுவான, ஓயாத, திசை மாறாத ஓர் இழுவை. மரம் தோற்பது அதனிடம்தான், காபன் ஜெயிப்பதும் அதனிடம்தான். மரத்தைப் போல வருடாவருடம் இழுவைக்கு இணங்கிப்போகும் குணம் காபனுக்கு இல்லை. ஈரம் குடிப்பதும் இல்லை. ஒரு பொருளைக் கெட்டது நல்லது என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் அதன் தலையில் எந்தப் பாரத்தை ஏற்றினோம் என்று பார்ப்பதுதான் நியாயம்.

வானம் கைவிட்ட கரி நாரை விளையாட்டு மைதானம் எடுத்துக்கொண்டது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் தூண்டில் தடியும் கொல்ப் மட்டையும் அதில் வந்தன. விலை மெல்ல இறங்கியது. 1975இல் அமெரிக்காவில் கார்லீன் ஹச்சின்ஸ் என்ற முன்னாள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியையும், டானியல் ஹேன்ஸ் என்ற பொறியியலாளரும் வேறு சிலருமாக முகப்பலகையையே காபன் நாரில் செய்த ஒரு வயலினையும் ஒரு கிற்றாரையும் பற்றி எழுதினார்கள். வாத்தியங்களை ஆய்வுகூட மேசையில் கிடத்தி அளந்து பார்த்த தலைமுறையின் தாய் என்று அந்தப் பெண்மணியைச் சொல்லலாம். ஆனால், முழுப்பலகையும் கரி என்றால் மரம் எங்கே? வாசிப்பவர்களில் பலருக்கு மனம் ஒப்பவில்லை.

மரத்தை வைத்துக்கொண்டு, கரியை அதன் அடியில் மறைத்து வேலைவாங்க முடியுமா?

ஒரு தோராயக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 சென்ரிமீற்றர் நீளம், 8 மில்லிமீற்றர் உயரம், 3 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு ஸ்புறூஸ் சட்டம் 3 கிராம் நிறுக்கும். அதே அளவில் பல்சா மரத்தை எடுத்தால் 1 கிராமுக்குக் கொஞ்சம் மேல். பல்சா, நகத்தால் அமத்தினால் பள்ளம் விழும் மரம், தனியே நின்றால் எதற்கும் உதவாது. அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கால் மில்லிமீற்றர் தடிப்பில் காபன் கீற்றை ஒட்டுங்கள். பசையை விட்டுப் பார்த்தால் மொத்த எடை 2 கிராமைத் தொடாது. விறைப்போ ஸ்புறூஸ் சட்டத்தைவிட இரண்டரை மடங்கு! பாரத்தைக் குறைத்துக்கொண்டே பலத்தைக் கூட்டும் வித்தை, தோரெஸின் காலத்தில் கேட்டால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

செய்முறையில் மந்திரம் எதுவும் இல்லை, பொறுமை மட்டும் வேண்டும். பல்சாவை மட்டமாகத் தேய்த்து, தூசியைத் துடைத்தெடுக்க வேண்டும். காபன் நார்க்கற்றையை ஒரு பொலித்தீன் தாளில் கிடத்தி எப்பொக்சியில் நனைத்து, மேலே இன்னொரு தாளைப் போட்டு, ஒரு மட்டத்தகட்டால் ஒரே திசையில் வழித்துக்கொண்டே போகவேண்டும். உபரிப் பசை கரையோரமாகப் பிதுங்கி வரும். பலம் நாரில்தான் இருக்கிறது. மிஞ்சிய பசை வெறும் சுமை, அதை வழித்தெடுக்காமல் விட்டால் மிச்சம்பிடித்த எடையெல்லாம் திரும்ப வந்துவிடும். பிறகு சட்டத்தில் ஒட்டி, நேரான பலகைகளுக்கிடையில் வைத்துப் பாரம் ஏற்றி, இறுகும்வரை விடவேண்டும். இறுகியதை அரத்தால் ராவும்போது மூக்கை மூடிக்கொள்ளவேண்டும். அந்தக் கறுப்புத் தூள் நெஞ்சுக்குக் கூடாது, தோலில் பட்டாலும் அரிக்கும்.

இதை வாசிக்கும் நம் கரையோரத்து பைபர் போட் பட்டறைக்காரர்களுக்கு இது புதிய வேலையாகத் தோன்றாது. அச்சில் மெழுகு பூசி, கண்ணாடி நார்ப் பாயை விரித்து, றெசின் ஊற்றி, உருளையால் காற்றுக் குமிழை விரட்டும் அதே வேலை. ஒரு குமிழ் உள்ளே தங்கினாலும் பிறகு அந்த இடத்தில்தான் தோல் உரியும் என்பது அவர்களுக்குப் பாடமாகத் தெரியும். வேறுபாடு ஒன்றே: போட்டுக்குப் போடும் பாயில் நார்கள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும், ஏனென்றால் கடல் எல்லாத் திசையிலிருந்தும் அடிக்கும். தாங்குசட்டத்தில் நார் ஒரே நேர்கோட்டில் ஓடவேண்டும். மட்டக்களப்பில் தச்சும் கிற்றாரும் அறிந்த கைகள், இங்கே கல்முனைக் கரையில் நாரும் பசையும் அறிந்த கைகள். இரண்டும் ஒரு மேசைக்கு வந்தால் இந்தக் கரையின் ஈரத்துக்கும் வெயிலுக்கும் வயிறு ஊதாத ஒரு கிற்றாரை நாமே செய்யலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை.

அடுக்கி ஒட்டுவதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. வளைந்த ஒரு சட்டம் வேண்டும் என்று வையுங்கள். ஒரே துண்டில் வெட்டினால் மரத்தின் நார் பாதி வழியில் அறுந்துபோகும், அந்த இடத்தில்தான் முறியும். மெல்லிய சீவல்களாக அரிந்து, அச்சில் வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் நார் வளைவோடு கூடவே ஓடும். அவுஸ்திரேலியரான ட்றெவர் கோர், கெராட் கிலெட் என்பவரோடு சேர்ந்து 2011இல் வெளியிட்ட பெரிய நூலில் அரிவாள் போல வளைந்த சட்டங்களைக் காபன் நாரோடு சேர்த்து விவரித்தது இதன் தொடர்ச்சிதான். ஆனால், அங்கே போவதற்கு நாம் ஒரு முப்பது வருடம் பொறுக்கவேண்டும். அதற்கு முன்னால் அதே அவுஸ்திரேலியாவில் ஒருவர் காத்திருக்கிறார்.

*

கிறெக் ஸ்மோல்மன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்காரர். 1970களில் கிற்றார் செய்யத் தொடங்கியவர். ஸ்பெயினின் பெரிய பட்டறைகளிலிருந்து பாதி உலகம் தள்ளி இருந்தார். அது அவருக்கு நல்லதாகவே போயிற்று என்பது என் எண்ணம். ‘எங்கள் பாட்டனார் இப்படிச் செய்யவில்லை’ என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

ஸ்மோல்மன் விசிறி அமைப்பைக் கைவிட்டார். பல்சாவும் காபனும் சேர்ந்த மெல்லிய சட்டங்களை முகப்பலகையின் அடியில் சாய்வாக, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் கட்டம் கட்டமான பின்னலாக ஒட்டினார். நடுவில் உயரம், ஓரத்துக்குப் போகப் போகத் தாழ்வு. பலகையைத் தாங்கும் வேலையை இந்தப் பின்னல் எடுத்துக்கொண்டதால் பலகை தன் கனத்தைக் கழற்றலாம் அல்லவா? கழற்றியது. இரண்டு, இரண்டரை மில்லிமீற்றர் இருந்த முகப்பலகை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு வந்துவிட்டது. செடார் மரம், வெளிச்சத்துக்குப் பிடித்தால் அடியிலுள்ள சட்டங்கள் நிழலாகத் தெரியும் மெலிவு.

அதோடு நிற்கவில்லை. முகப்பலகையை எவ்வளவு இலேசாக்கினாரோ, முதுகையும் பக்கங்களையும் அவ்வளவு கனமாக்கினார். அடுக்கி ஒட்டிய தடித்த மரம், அசையவே அசையாது. நரம்பின் சொற்ப சக்தியில் ஒரு துளியும் அங்கே போய் வீணாகக்கூடாது, முழுவதும் முகப்பலகைக்கே போகவேண்டும். தோரெஸ் கடதாசியை வைத்துச் சொன்னதை ஸ்மோல்மன் மறுமுனையிலிருந்து சொன்னார். தூக்கிப் பார்த்தால் வழமையான ஸ்பானியக் கிற்றாரைவிட நல்ல பாரம்.

இந்தப் பெட்டி யாருடைய கைக்குப் போகவேண்டும்? ஜோன் வில்லியம்ஸ். 1941இல் மெல்பனில் பிறந்து, பதினொரு வயதில் லண்டன் போய், ஸ்பானியக் கிற்றார் மேதை செகோவியாவிடம் பாடம் கேட்டவர். குரு செகோவியா எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் ஒலிபெருக்கியைத் தொடமாட்டேன் என்று நின்றவர். ஆனால், மண்டபங்கள் பெருத்துக்கொண்டே போயின, கடைசி வரிசையில் இருப்பவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார். வில்லியம்ஸ் அதுவரை வாசித்தது பார்சிலோனாவின் இக்னாசியோ ஃபிளேட்டா செய்த கிற்றார். உலகத்தின் மிகச் சிறந்த ஸ்பானியக் கைவேலைகளில் ஒன்று. அதைக் கீழே வைத்துவிட்டு, பெயரே கேள்விப்படாத ஓர் அவுஸ்திரேலியரின் பெட்டியை அவர் எடுப்பாரா?

எடுத்தார். 1980களின் தொடக்கத்தில் எடுத்தவர் பிறகு வைக்கவில்லை. செவில்லியாவின் அரச மாளிகையில், தோரெஸ் வாழ்ந்து தொழில் செய்த அதே நகரத்தில், அவர் வாசித்த நிகழ்ச்சி 1993இல் படமாகவும் இசைத்தட்டாகவும் வந்தபோது கையில் இருந்தது ஸ்மோல்மன் கிற்றார்.

கிற்றார் உலகம் இரண்டாகப் பிளந்தது. இவ்வளவு பெரிய குரல் இதற்கு முன் வந்ததில்லை என்றார்கள் ஒரு பக்கத்தார். ஸ்வரம் சட்டென்று பாய்ந்து சட்டென்று அடங்குகிறது, இது பான்ஜோ மாதிரிக் கேட்கிறது, ஸ்பெயினின் இனிமை எங்கே என்றார்கள் மறுபக்கத்தார். இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது. மெலிந்த பலகை நரம்பின் சக்தியை விரைவாகச் செலவழிக்கும், அதனால் ஒலி பெரிதாக வரும், அதனாலேயே சீக்கிரம் தீரும்.

பெரிய குரலும் வேண்டும், அது நீண்டு நிற்கவும் வேண்டும். முடியுமா?

ஜேர்மனியில் இருவர் முடியும் என்றார்கள். அவர்கள் போட்ட திட்டத்தைக் கேட்டால் தோரெஸே திடுக்கிட்டிருப்பார். சட்டங்களை மேலும் மெலிதாக்க அவர்கள் யோசிக்கவில்லை. முகப்பலகை ஒன்று என்று யார் சொன்னது, இரண்டாக்குவோம் என்றார்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர்கூட வராத இரண்டு மரத்தோல்கள். அவற்றுக்கு நடுவில், பயணிகள் விமானங்களின் தரைப்பலகைக்குள் இருக்கும் ஒரு தேன்கூடு. அறைகள் எல்லாம் வெறும் காற்று, சுவர்கள் கடதாசி போல மெலிவு.

வானம் கைவிட்ட பொருளைக் கிற்றார் எடுத்துக்கொண்டது போய், வானம் தன் உடம்பிலேயே வைத்திருக்கும் பொருளைக் கேட்கும் காலம் வந்துவிட்டது. ஆனால், அந்தத் தேன்கூட்டின் சுவர் விளிம்பில் மரத்தோலை ஒட்ட வேண்டும். பசை கொஞ்சம் கூடினால் அறைகள் நிரம்பிப் பலகை கல்லாகும். கொஞ்சம் குறைந்தால் வாசிக்கும்போதே தோல் கழன்றுவிடும். இறுக்கிப் பிடிக்கக் குறடு பூட்டினால் தேன்கூடே நசுங்கிப்போகும். கையாலும் அமத்த முடியாத, குறட்டாலும் பிடிக்க முடியாத இந்தப் பலகையை அவர்கள் எதைக்கொண்டு அமத்தினார்கள்?

(அடுத்த வாரம் தொடரும்)